ஆடி மாதக் கணக்கும் உங்கள் வீட்டுக் கணக்கும்

கேள்வி:



எனக்கு 34 வயது. மேடவாக்கத்தில் 16,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கிறார், பிடித்தம் போகக் கைக்கு 78,000 வருகிறது. நான் தனியார் பள்ளி ஆசிரியை, எனக்கு 27,000. மகள் மூன்றாம் வகுப்பு. பதினோரு வருடத்தில் சீட்டு, எஃப்.டி. என்று 22 லட்சம் சேர்த்திருக்கிறோம்.

மூன்று வருடமாக வீடு பார்க்கிறோம். 2023 நவம்பரில் ஓர் இடத்துக்கு முன்பணம் கொடுக்கவே கிளம்பினோம். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பேப்பரில் வந்த படங்களைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டோம். 2024-ல் வட்டி இறங்கட்டும் என்று இருந்தோம். வட்டி இறங்கிய 2025-ல் ஐ.டி. ஆட்குறைப்புச் செய்தி. இப்போது சேலையூர் பக்கம் 980 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று மூவருக்கும் பிடித்திருக்கிறது. 62 லட்சம் சொல்கிறார்கள். 45 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்று யோசனை. ஆனால் கணவர் ராத்திரி படுக்கும்போது 'வீட்டு விலை சரியப்போகிறது' என்று வீடியோ பார்க்கிறார், காலையில் 'இன்னும் ஆறு மாசம் போகட்டும்' என்கிறார். மாமனாரோ 'மண்ணுல போட்ட காசு என்னைக்கும் வீண் போகாது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு' என்கிறார்.

வீட்டு ஓனர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் மகள் வரைந்த படங்கள் எல்லாம் பீரோவுக்குள் இருக்கின்றன. எனக்கு நம்பிக்கையோடு இருக்கத்தான் ஆசை. இவ்வளவு கெட்ட செய்திக்கு நடுவில் நம்பிக்கை வைப்பது அசட்டுத்தனமா, ஐயா?

— வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அசட்டுத்தனம் இல்லை. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கெட்ட செய்தி இல்லாத ஒரு வருடம்கூட எனக்கு நினைவில்லை. அந்த வருடங்களில் எல்லாம் ஜனங்கள் வீடு வாங்கினார்கள், பால் காய்ச்சினார்கள், பிள்ளைகளை அங்கிருந்தே பள்ளிக்கு அனுப்பினார்கள். சிலர் சிரமப்பட்டதும் உண்டு. அப்படிச் சிரமப்பட்டவர்களின் ஃபைல்களை நான் கையில் வைத்துப் படித்திருக்கிறேன். சந்தை விழுந்ததால் வீட்டை இழந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மூன்று தவணை தொடர்ந்து கட்ட முடியாமல் போய், வாராக்கடன் கணக்குக்குப் போய், அறுபது நாள் நோட்டீஸ் வந்து, ஏலத்துக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்தச் செய்தி எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். 'வீட்டு விற்பனை சரிவு' என்று தலைப்பு வருகிறதே, அது பெரும்பாலும் ரியல் எஸ்டேட் ஆலோசனை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விடும் அறிக்கையிலிருந்து வருவது. மும்பை, டெல்லி வட்டாரம், பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று ஏழெட்டுப் பெருநகரங்களைச் சேர்த்துக் கூட்டிய எண் அது. மும்பையில் ஐந்து கோடி ரூபாய் வீடு தேங்கினாலும் அந்த எண் இறங்கும். அதற்கும் சேலையூரில் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கும் 980 சதுர அடிக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர்க்காரர்கள் மட்டுமே சட்டென்று பிடிக்கக்கூடிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி. ஆடியில் நம் வீடுகளில் முன்பணம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பத்திரப்பதிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்கழியும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு ஒரு நாள் விதிவிலக்கு; அன்றைக்கும் தை மாத முகூர்த்த நாள்களிலும் பதிவுத்துறையே சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. இப்போது யோசியுங்கள்: ஏப்ரல்–ஜூன் காலாண்டோடு ஜூலை–செப்டம்பர் காலாண்டை ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்? அது சரிவு இல்லை, ஆடி. போன வருட ஜூலை–செப்டம்பரோடு ஒப்பிட்டிருந்தால் மட்டுமே அந்தச் செய்திக்குக் காது கொடுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பையோ பதிவுக் கட்டணத்தையோ மாற்றும்போதும் இதே கதைதான். 2023 ஏப்ரல் 1-ல் வழிகாட்டி மதிப்பு பழைய 2017 அளவுக்கு ஏறி, பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. இப்படி ஒரு தேதி தெரிந்துவிட்டால், எது தங்களுக்கு லாபமோ அதற்கேற்ப ஜனங்கள் பதிவை முன்னால் இழுப்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். ஒரு மாதம் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது, அடுத்த மாதம் வெறிச்சோடும். இரண்டு மாதமும் தனித்தனிச் செய்தியாக வரும்.

உங்கள் கணவருக்கு எண்ணைப் பார்ப்பதில்தான் ஆர்வம் என்றால், ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிடும் வீட்டு விலைக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்திரப்பதிவுத் தகவலை வைத்துப் போடுவது; சென்னைக்குத் தனி எண் உண்டு. ராத்திரி வீடியோவைவிட அது நல்ல துணை.

அந்த வீடியோக்களில் பலவற்றில் அமெரிக்கா வரும், சீனா வரும். அமெரிக்காவில் 2006-லிருந்து 2012-க்குள் வீட்டு விலை நாடு முழுவதும் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது உண்மை. அங்கே நடந்தது என்ன? வருமானச் சான்று இல்லாதவருக்கும், கையிலிருந்து ஒரு பைசா போடாதவருக்கும் முழு விலைக்கும் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் ஆசை காட்டும் வட்டி, பிறகு திடீரென்று ஏற்றம். அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றும்விட்டார்கள். இங்கே 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே வரம்பு வைத்திருக்கிறது. மீதி உங்கள் கைக்காசு. தன் கைக்காசு போட்டவர் வீட்டை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போக மாட்டார். சீனாவில் எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனத்தைக் கலைக்க 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது கட்டி முடிக்காத வீடுகளுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி, அதை அடுத்த திட்டத்தில் போட்ட கதை. அந்த நோய் இங்கேயும் இருந்தது. நொய்டாவின் ஆம்ரபாலி கட்டுமான நிறுவன வழக்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மாட்டிக்கொண்டு, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கட்டும் பொறுப்பை அரசு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட செய்தியை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள். விலை சரியும் என்ற ஆரூடத்தைவிட, சொன்னபடி கட்டிக் கொடுக்காத பில்டரைப் பற்றிய செய்திதான் உங்களை நேரடியாகத் தொடுவது.

இனி உங்கள் மாமனார் சொல்வதற்கு வருகிறேன். பெரியவர் அனுபவத்தில் சொல்கிறார். அவர் காலத்தில் கிரவுண்டு வாங்கிப் போட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனாலும் 'கண்ணை மூடிக்கிட்டு' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையில் 2014-லிருந்து 2019 வரை பல பகுதிகளில் அடுக்குமாடி வீட்டு விலை ஏறக்குறைய அசையாமல் கிடந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பு நீக்கம். மறு வருடம் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் ஜி.எஸ்.டி.யும் நடைமுறைக்கு வந்தன. இத்தனைக்கும் நடுவில் விலை தடாலென்று விழவில்லை. நம் ஊரில் விற்பவர் விலையை இறக்க மாட்டார். 'வர்ற விலை வரட்டும், நான் அவசரப்படலை' என்று பூட்டிவைத்து உட்கார்ந்துவிடுவார். அதனால் விலை விழாமல் நின்றுபோகும். ஐந்து வருடம் அதே விலை என்றால், மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறியிருக்கும்போது, உண்மையில் வீட்டு மதிப்பு குறைந்துவிட்டது என்றுதான் பொருள். 'சரியப்போகிறது' என்று காத்திருப்பவர் கண்ணுக்கு இந்தச் சரிவு தெரியாது. 'ஏறிக்கொண்டே இருக்கும்' என்று நம்புகிறவர் கண்ணுக்கும் தெரியாது.

அந்த ஐந்து வருடத்தில் அடிபட்டவர்கள், இரண்டு வருடத்தில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று தவணையில் வாங்கிப் போட்டவர்கள். குடியிருக்க வாங்கியவர்களுக்கு அது ஒரு செய்தியாகக்கூடப் படவில்லை. ஒரு தம்பதி எனக்கு மறக்காது. 2009 தொடக்கத்தில் வந்தார்கள். லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது, ஓ.எம்.ஆரில் அந்தக் கணவருடைய கம்பெனியில் தினமும் யாரையாவது வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் மேலதிகாரியே 'இந்த நேரத்தில் ஏன் சார்?' என்று கேட்டார். அந்தக் கணவர் சொன்ன பதில்: 'அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியலை சார். இது தரைத்தளம்.' பல்லாவரத்தில் சின்ன வீடு, அவர் தகுதிக்குக் கிடைத்திருக்கக்கூடிய கடனில் பாதிதான் கேட்டிருந்தார். பிறகு போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டிக் கட்டி பதினோரு வருடத்தில் கடனை முடித்தார். பத்திரத்தைத் திருப்பி வாங்க வந்த அன்று, 'இப்போ என்ன விலை போகுது சார் அந்த ஏரியாவில்?' என்று என்னிடம்தான் கேட்டார். அத்தனை வருடமும் அவர் விலையைப் பார்க்கவே இல்லை.

அதனால் நான் சொல்லும் நம்பிக்கை 'விலை ஏறும்' என்ற நம்பிக்கை இல்லை, சகோதரி. ஏறுமா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. 'இந்த வீட்டில் பத்துப் பதினைந்து வருடம் எங்களால் நிம்மதியாகக் குடியிருக்க முடியும், தவணையைத் தாங்க முடியும்' என்ற நம்பிக்கைதான் நான் சொல்வது. அதைச் செய்தித்தாளில் தேட வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் தேடுங்கள்: அந்தத் தெருவில், உங்கள் பாஸ்புக்கில்.

தெருவைப் பற்றி முதலில். 2023-ல் மிக்ஜாம் செய்தியைப் பார்த்துப் பின்வாங்கினீர்கள் அல்லவா, அதைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். தண்ணீர்ச் செய்தி சந்தைச் செய்தி மாதிரி இல்லை. சந்தை மறந்துவிடும், தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது. 2016 ஜனவரியில் முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டை ஆய்வு செய்யப் போனேன். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் வீடு. பீரோவை நகர்த்தி அதன் பின்னால் சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். என் இடுப்புக்கு மேலே இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி. 'வெள்ளை அடிச்சாலும் இதை மட்டும் விட்டுடச் சொல்லிட்டேன் சார், நாளைக்கு யாராவது வாங்க வந்தா ஒளிக்கக்கூடாது' என்றார். அந்த மாதிரி மனிதர் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார். பல இடங்களில் அந்தக் கோட்டின் மேல் புதுப் பெயிண்ட் இருக்கும். 2023 டிசம்பரில் அதே வட்டாரத்தில் மறுபடி தண்ணீர் ஏறியது.

தாம்பரத்தைச் சுற்றி ஏரிகள் அதிகம்; சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போய்க் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். ஒரே பகுதியில் ஒரு தெரு காய்ந்திருக்கும், இரண்டு தெரு தள்ளி முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் 'சேலையூர் நல்ல ஏரியா' என்பதோ 'சேலையூரில் தண்ணீர் வரும்' என்பதோ உங்களுக்கு உதவாது. அந்தத் தெருமுனை டீக்கடைக்காரரிடம் கேளுங்கள், இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். 'தண்ணி வருமா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். '2015-ல எது வரைக்கும் வந்துச்சு, 2023-ல எது வரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். கையை நீட்டி இடத்தைக் காட்டுவார்கள். எதிரே இருக்கும் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பழைய வீட்டுக்காரர்கள் வாசற்படியைப் பிற்பாடு உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு தடவை போய் வாருங்கள். 'இதோ மெட்ரோ வருது' என்று விற்பவர் காட்டினால், வந்துவிட்ட வசதிக்கு மட்டும் விலை கொடுங்கள்; வரப்போவதற்குக் கொடுக்காதீர்கள்.

இனி பாஸ்புக். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை கொடுத்தது ஐ.டி. செய்தி இல்லை, இந்தக் கணக்குத்தான்.

62 லட்சம் வீடு, 45 லட்சம் கடன். உங்கள் கையிலிருந்து 17 லட்சம். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால், முத்திரைத்தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு அது 4,34,000. ஆக 21,34,000. உங்கள் சேமிப்பு 22 லட்சத்தில் மிஞ்சுவது 66,000 ரூபாய். அதில்தான் அலமாரி, மின்விசிறி, ஜன்னல் வலை, சங்கத்துக்குக் கட்டும் வைப்புத்தொகை, வீடு மாற்றும் செலவு எல்லாம். கட்டட நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும், அது 3,10,000. அப்போது உங்கள் கையில் இருப்பதே போதாது. 'சான்றிதழ் வந்துவிட்டதா, நகல் காட்டுங்கள்' என்று இந்த வாரமே கேளுங்கள். அந்த ஒரு தாளுக்கு மூன்று லட்சம் மதிப்பு.

தவணையைப் பார்ப்போம். கணக்குக்காக 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதம் 39,052. உங்கள் இருவர் வருமானம் 1,05,000-ல் இது 37 சதவீதம். இரண்டு சம்பளமும் வரும்வரை தாங்கும். கணவருக்கு வேலை மாற மூன்று மாத இடைவெளி விழுந்தால்? உங்கள் 27,000-ல் தவணைகூட அடங்காது. ஆட்குறைப்புச் செய்தியைக் கண்டு வீடே வேண்டாம் என்று ஓடுவதும் சரியில்லை, அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 66,000 ரூபாய் கையிருப்போடு கடனுக்குள் இறங்குவதும் சரியில்லை. ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் எஃப்.டி.யில் தனியாக இருக்க வேண்டும். உங்களுக்கு அது நாலரை, ஐந்து லட்சம் வரும். அந்த எஃப்.டி. இருந்தால் ராத்திரி எந்த வீடியோ பார்த்தாலும் காலையில் பயம் இருக்காது.

வட்டியும் அசையும் என்பதை மறக்கக்கூடாது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. அதற்கு முன்னால் 6.7 சதவீதத்தில் 45 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 34,080. இரண்டரை சதவீதமும் ஏறி 9.2 ஆனால் முதல் மாத வட்டி மட்டுமே 34,500! தவணை முழுவதையும் கட்டினாலும் அசல் குறையாது, கூடும். அதனால்தான் பலருக்கு வங்கிகள் தவணையை ஏற்றின, அல்லது காலத்தை நீட்டின. 2025-ல் வட்டி இறங்கியது. ஜூனில் ரெப்போ 5.5 ஆகியிருந்தது. மறுபடி ஒரு நாள் ஏறும். கடன் வாங்கும் முன்பே உங்கள் தவணையை 10.5 சதவீதத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 44,927. அந்தத் தொகையை இப்போதிலிருந்தே மாதாமாதம், வாடகை 16,000 போக மீதி 29,000 என்று, ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். வீட்டுச் செலவு கையைக் கடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடவே ஒன்றே முக்கால் லட்சம் சேர்ந்திருக்கும். உங்கள் கணவர் கேட்கும் 'இன்னும் ஆறு மாசம்' இப்படிப் போனால் எனக்கு ஆட்சேபமே இல்லை. வெறுமனே காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 45 லட்சத்துக்கு முதல் மாதத் தவணையில் 31,875 வட்டிக்கே போகும். அசலில் கழிவது 7,177 மட்டும். நீங்கள் கொடுக்கும் வாடகை 16,000. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இன்னும் சில வருடம் வாடகையில் இருப்பதே லாபம் என்று வாதம் செய்ய முடியும். சொந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் ஓனர் காலி பண்ணச் சொல்ல மாட்டார் என்பதற்கு, மகளின் பள்ளி மாறாது என்பதற்கு, அவள் படங்களை மாட்டும் அந்தச் சுவருக்கு. அதற்கு விலை உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும்.

என் யோசனை இதுதான். 62-க்குப் போகாமல் 55 லட்சத்துக்குள் பாருங்கள். கடன் 42 லட்சம், கைக்காசு 13 லட்சம், பத்திரச் செலவு 3,85,000. உங்களிடம் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். நான் சொன்ன கையிருப்பு அதுதான். தவணை 36,448. சேலையூர் வீடே பிடித்துப்போனால் பேரம் பேசுங்கள். இங்கேதான் கெட்ட செய்தி உங்கள் பக்கம் நிற்கிறது. விற்பனை மந்தம் என்ற செய்தி விற்பவருக்குக் கெட்டது. குடியிருக்க வாங்குகிறவருக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது. எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கும் காலத்தில் பில்டர் உங்களை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். மந்த காலத்தில் காபி கொடுத்துப் பேசுவார். சதுர அடிக்கு 6,300 சொல்வதை நேரடியாகக் குறைக்கத் தயங்கினால், கார் நிறுத்தும் இடத்தின் விலை, மின் இணைப்புக் கட்டணம், இரண்டு வருடப் பராமரிப்பு என்று பக்கவாட்டில் குறைப்பார்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு விற்றிருக்கிறது, எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். கடன் வாங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினால், வட்டி மாறாவிட்டால், 20 வருடம் பதினாறரை வருடமாகக் குறையும். மாறும் வட்டிக் கடனில் தனிநபர் முன்கூட்டியே கட்டினால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது.

பேசும்போது 'யு.டி.எஸ். எவ்வளவு?' என்று கட்டாயம் கேளுங்கள். உங்கள் பேரில் எழுதப்படும் பிரிபடாத நிலப் பங்கு அது. கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. 980 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடி நிலம் வருவதும் 280 வருவதும் ஒன்றல்ல. முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது உங்கள் மகளின் கையில் இருப்பது அந்த எண்தான். 2022-ல் நிறைவேறிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். மண்ணைப் பற்றி அவர் சொன்னது இந்த இடத்தில் முழுக்கச் சரி. எவ்வளவு மண் என்று மட்டும் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி வரைபடம், அந்த வரைபடத்தில் உள்ளபடிதான் தளங்கள் இருக்கின்றனவா, தாய்ப்பத்திரம் முதல் தொடர்ச்சி, முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா. எட்டு வீட்டுக்கு மேல் இருந்தால் ரெரா எண் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முடிக்கும் தேதியை எத்தனை தடவை நீட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியவரும். ரெராவில் பதிந்த திட்டத்தில் வாங்குகிறவர்களிடமிருந்து வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை பில்டரே சரிசெய்து தர வேண்டும். 2009-ல் அந்தப் பல்லாவரம் தம்பதிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது, அவர்கள் பில்டரின் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. நான் இன்றைக்கு நம்பிக்கையோடு பேசுவதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

வங்கி வக்கீல் தரும் சட்டக் கருத்து வங்கியின் பணத்தைக் காக்க எழுதப்படுவது. அதனால் ஐயாயிரமோ பத்தாயிரமோ ஆகட்டும், உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துத் தனியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். பலர் மறந்துவிட்டுப் பின்னால் நோட்டீஸோடு வந்து நிற்பார்கள். முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்டும் முன் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும் என்று ரெரா சட்டமே சொல்கிறது. 'இன்னிக்கே கொடுத்தா இந்த விலை' என்று அவசரப்படுத்தினால், ஒரு லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்து, 'சட்டக் கருத்து சரியில்லை என்றால் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று அவர்கள் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யு.டி.எஸ். எத்தனை சதுர அடி, நிறைவுச் சான்றிதழ் வந்ததா, டீக்கடைக்காரர் எந்த இடத்தைக் கை காட்டினார் என்ற மூன்றையும் எனக்கு எழுதுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். மழைக்கு மறுநாள் காலை, அந்தத் தெருவில் அவரே நடந்து பார்க்கட்டும்.